அடிவரை மணல்

முதலில் வலது கைச் சட்டையை முழங்கைக்கு மேல் மடிப்பார். மூன்று மடிப்பு, குறையாது, கூடாது. மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். பிறகு கடை வாசலில் தொங்கும் சிவப்பு வாளிக்குள் கையை விடுவார். விரல்கள் அடித்தகரத்தைத் தொட்டபின் அங்கேயே கொஞ்ச நேரம் துழாவும். அப்போது அவர் வாளியைப் பார்க்கமாட்டார். கடைக்காரரின் முகத்தைப் பார்ப்பார்.

ஆரியசாலையில் மண்ணெண்ணெய், கர்ப்பூரம், திராவகம் இவற்றை மொத்தமாக வைத்து விற்க லைசென்ஸ் வேண்டியிருந்த காலம். அந்த லைசென்ஸுக்கு மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். மலையாளத்தில் அச்சிட்ட நிபந்தனைத் தாள் ஒவ்வொரு கடைச் சுவரிலும் ஒட்டியிருக்கும். தகரங்கள் அனுமதித்த அளவுக்கு மேல் இருக்கக்கூடாது. திராவக ஜாடியும் வைக்கோலும் ஒரே அறையில் கூடாது. உலர்ந்த மணல் நிறைந்த வாளிகள் இரண்டு கைக்கெட்டும் இடத்தில் வேண்டும். அந்தத் தாளை முழுக்கப் படித்தவர்கள் எங்கள் தெருவில் இரண்டே பேர். ஒருவன் நான். மற்றவர், அதை நடத்திவைக்க வந்த அந்த இன்ஸ்பெக்டர். தெருவில் அவரை ‘மணல் சாமி’ என்பார்கள். அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவருக்கு எதிராக ஒருமுறை அதை எழுதியிருக்கிறேன், அது போதும்.

வாளிக்குள் அவர் என்ன தேடினார் என்பதற்குக் காரணம் இருந்தது. மணலைக் கரமனை ஆற்றிலிருந்து வண்டி வைத்துக் கொண்டுவர வேண்டும். உமி அரிசி மில்லில் சும்மா கிடைக்கும். ஆகவே முக்கால் வாளிக்கு உமியைக் கொட்டி, மேலே நாலு விரல் உயரத்துக்கு மணலைப் பரப்பிவைப்பது தெருவின் வழக்கமாகிவிட்டது. வாளி கனமில்லாமலும் இருக்கும், பார்க்க ஒழுங்காகவும் இருக்கும். எல்லாரும் செய்தார்கள். யாருக்கும் அது தப்பு என்று தோன்றவில்லை.

“மணல்னா அடி வரைக்கும் மணல்” என்பார். திராவகத்தை மனதில் வைத்து இன்னொன்றும் அடிக்கடி சொல்வார்: “கொட்டினா முதல்ல மணல், பின்னே சுண்ணாம்பு, ஜலம் கடைசி.” யாருக்கு என்று பார்த்துச் சொல்லமாட்டார். சுமை இறக்குகிறவர்களிடம் சொல்வார், குதிரை வண்டிக்காரனிடம் சொல்வார், ஒருமுறை மாணிக்கத்தின் கடைக்கு உப்பு வாங்க வந்த ஒரு கிழவியிடமும் சொன்னார். அவள் அது ஏதோ வைத்தியம் என்று நினைத்து, எந்த வேளையில் சாப்பிட வேண்டும் என்று கேட்டாள்.

மாணிக்கம் எங்கள் தெருவின் எண்ணெய்க் கடைக்காரர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். ஒரு நாள் விளக்கு வைக்கும் நேரத்தில் இன்ஸ்பெக்டர் அவர் கடையில் ஏறினார். கையை வாளிக்குள் விட்டவர் சட்டென்று உருவிக்கொண்டார். மணிக்கட்டில் சுட்டிருந்தது. வாளிக்குள், பின்பக்க மணலில் ஊதுவத்தி குத்தியிருந்தது. பாதி எரிந்து புகைந்துகொண்டிருந்தது.

“இது என்ன, ஓய்?”

“பத்தி, சாமி.”

“பத்தின்னு கை சொல்லித்து. இங்கே எதுக்கு?”

“விளக்கு வெச்சா குத்திவைக்க ஒரு எடம் வேணும்லா? மணலாச்சா, சாயாம நிக்கும்.”

“வாளிக்குப் பக்கத்துல என்ன அடுக்கியிருக்கு?”

“மண்ணெண்ணெத் தகரம்.”

“அப்போ சுவாமிக்குப் பத்தி, தகரத்துக்குத் தீபாராதனை. ரெண்டும் ஒரே நேரத்துல முடியட்டும்னு வெச்சிருக்கீராக்கும்.”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சுட்ட கையாலேயே நோட்டீஸ் எழுதினார். பத்தியின் மணம் கடை முழுக்க நிறைந்திருந்தது. அதை நான் நன்றாக நினைவு வைத்திருக்கிறேன். ஆனால் அன்று அதைப் பற்றி ஒன்றும் யோசிக்கவில்லை.

எந்தக் கடையிலும் அவர் காப்பி குடித்ததில்லை. தண்ணீர்கூட வாங்கமாட்டார். வலியசாலை அக்கிரகாரத்துக்காரர், ஆசாரம் பார்க்கிறார் என்று முதலில் நினைத்தார்கள். பிறகு அவர் ரயிலடி ஓட்டலில் காப்பி குடிப்பதை ஒருவர் பார்த்துவிட்டார். அதிலிருந்து சந்தேகம் தொடங்கியது.

“காப்பி வேண்டாம்ங்கிறாருன்னா வேற என்னமோ வேணும்னுதானே அர்த்தம், அண்ணாச்சி?” என்றார் மாணிக்கம் என்னிடம். “நமக்குக் கேக்கத் தெரியல. தெரிஞ்சவன் கேட்டிருப்பான்.”

தெரிந்தவர் என்று அவர் சொன்னது எதிர்க்கடை ஆறுமுகம் பிள்ளையை. நாஞ்சில் நாட்டுக்காரர், மண்ணெண்ணெயோடு பெருங்காயம், கர்ப்பூரம், தட்டார்களுக்கான வெடியுப்புத் திராவகம் எல்லாம் மொத்தத்தில் விற்றார். கடைக்குப் பின்னால் சரக்கு வைக்கும் பெரிய கிட்டங்கி. யுத்தம் தொடங்கி மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தபிறகு அந்தக் கிட்டங்கியில் எத்தனை தகரம் இருக்கிறது என்பது தெருவுக்குத் தெரியாது.

அந்த வருஷம் இடவப்பாதி மழையின்போது பிள்ளை கடையில் ஒரு தகரம் ஒழுகியது. தெருக்கோடியில் நின்றாலே மூக்கைத் துளைத்தது. அன்று இன்ஸ்பெக்டர் வந்தார். பிள்ளை கடைக்குள் போனார், நின்றார், தாளைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், இறங்கினார். நேரே எதிரே வந்து மாணிக்கத்தின் வாளிக்குள் கையை விட்டார். உமி வந்தது. ஒரு வாரம் கடையை மூட உத்தரவு எழுதினார்.

“ஊரே நாறுதே, சாமிக்கு மட்டும் நாறலியோ?” என்றார் மாணிக்கம்.

“எது நாறறது?” என்று கேட்டார் அவர். கேலியாகக் கேட்கிறார் என்றுதான் நாங்கள் எல்லாரும் எடுத்துக்கொண்டோம்.

எனக்கு நாள் குறிக்கும் பழக்கம் உண்டு. நோட்டின் இடது பக்கம் தேதி, வலது பக்கம் சம்பவம். பழைய சரித்திரங்களைப் படித்துப் படித்து வந்த பழக்கம். தேதியில்லாத செய்தி எனக்கு வதந்தி. அந்த மழைநாளிலிருந்து இன்ஸ்பெக்டரின் வரவுகளைக் குறிக்க ஆரம்பித்தேன். இரண்டு மாதத்தில் ஒரு விஷயம் தெளிவாயிற்று. வெள்ளிக்கிழமைகளில், மதியச் சாப்பாட்டுக்குப் பின், தெரு ஓய்ந்திருக்கும் நேரத்தில் அவர் பியூன் இல்லாமல் தனியாக வருகிறார். பின்சந்து வழியாகப் பிள்ளையின் கிட்டங்கிக்குள் நுழைகிறார். கால் மணி நேரம் கழித்து வெளியே வருகிறார். வரும்போது கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

கன்னி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நான் பின்சந்துக்குப் போய் ஜன்னல் கட்டைகளுக்கிடையே பார்த்தேன். அரையிருட்டு. பிள்ளை மார்பில் கைகட்டி நின்றார். இன்ஸ்பெக்டர் தரையில் மண்டியிட்டு ஒரு மரப்பெட்டிக்குள் குனிந்திருந்தார். தலை முழுவதும் பெட்டிக்குள் இருந்தது. தோள்கள் ஏறி இறங்கின. பிறகு எழுந்து, இல்லை என்பது போலத் தலையை ஆட்டினார். பிள்ளை மூடியைப் போட்டார்.

அன்று மாலையே மாணிக்கத்துக்காகப் பிராது எழுதினேன். ஒன்பது வெள்ளிக்கிழமைகளின் தேதிகளை வரிசையாகக் கொடுத்தேன். ஒழுகிய தகரத்தைக் கண்டும் காணாமல் விட்டது, பெட்டிக்குள் ஏதோ பரிசோதித்தது, எல்லாவற்றையும் சேர்த்தேன். கைக்கூலி என்ற சொல்லை ஒரே ஒரு இடத்தில் போட்டேன். நல்ல மனு அது. விசாரணைக்கு நாள் குறித்து எனக்கும் சாட்சி நோட்டீஸ் வந்தது. குற்றம் ருசுவானால் வேலை போகும், பென்ஷனும் போகும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

விசாரணைக்கு நான்கு நாள் முன்பு, திங்கட்கிழமை காலை, பிள்ளையின் முற்றத்தில் வண்டியிலிருந்து திராவக ஜாடிகளை இறக்கினார்கள். வைக்கோல் சுற்றிக் கூடையில் வைத்த பெரிய கண்ணாடி ஜாடிகள். ஒன்று கைதவறிக் கல்லில் பட்டு உடைந்தது. திராவகம் முற்றத்தில் ஓடிச் சாக்கடை வாய்க்காலை நோக்கி இறங்கியது. இன்ஸ்பெக்டர் அப்போது மாணிக்கத்தின் கடையில் இருந்தார். சத்தம் கேட்டு ஓடிவந்தார். நானும் பின்னால் ஓடினேன்.

“மணல், மணல்” என்றார். சுமையாள் ஒருவர் பிள்ளையின் சிவப்பு வாளியை எடுத்துக் கவிழ்த்தார். மேலே நாலு விரல் மணல் விழுந்தது. அதன்மேல் உமி விழுந்தது.

உமி கறுத்தது. உடனே செங்கல் நிறத்தில் புகை பொங்கியது. கூடையின் வைக்கோலில் தீ பற்றியது. தொண்டையை அறுக்கும் நெடி. எல்லாரும் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினோம். மாணிக்கம் இருமி இருமி உட்கார்ந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் ஓடவில்லை. புகைக்கு நடுவே நின்று, “எதிர்க்கடை வாளியைக் கொண்டா. அதுல மணல் இருக்கு. நான் பார்த்திருக்கேன்” என்றார். மாணிக்கத்தின் இரண்டு வாளிகளும் வந்தன. வாய்க்கால் ஓரத்தில் மணலைக் கரைபோலக் கொட்டினார். மீதியைத் தீயில் கொட்டினார். “சுண்ணாம்பு” என்றார். கல் சுண்ணாம்பை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது அவருக்கு. ஆனால் மூக்கை ஒருமுறைகூடப் பொத்தவில்லை, முகம் சுளிக்கவில்லை, திரும்பவில்லை. புகை எந்தப் பக்கம் வருகிறது என்று கண்ணால் பார்த்து நகர்ந்தார்.

புகைந்த ஊதுவத்தியும், ‘எது நாறறது’ என்ற கேள்வியும், பெட்டிக்குள் ஏறி இறங்கிய தோள்களும் அப்போதுதான் எனக்குள் ஒன்றுசேர்ந்தன.

மறுநாள் வலியசாலைக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் இருமல் பிடித்துப் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் உள்ளே போய்விட்டார்.

“அந்தப் பெட்டியில் இருப்பது என்ன?” என்று கேட்டேன்.

“பெருங்காயம். பால் காயம். அதைவிட நாறற சாதனம் இந்த ஊர்ல இல்லையாம், பிள்ளை சொல்றார். வாரம் ஒருதரம் முகத்தை வெச்சுப் பார்க்கறேன். எரியறது, கண்ணு கலங்கறது. வாசனை மட்டும் இல்லை.”

“எவ்வளவு நாளாக?”

“ஆலப்புழையில இருந்தேன் முன்னே. அங்கேயும் ஒரு ஜாடி உடைஞ்சது. வாளியில மணல்தானான்னு கேட்டேன். ‘அதே, மணல்தான்’னான் கடைக்காரன். நம்பினேன். உமி. அன்னிக்குப் போச்சு.” தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார். “அப்புறம் யாரையும் கேக்கறதில்லை.”

“பிள்ளைக்குத் தெரியுமா?”

“அவர் ஒருத்தருக்குத் தெரியும். கண்டுபிடிச்சுட்டார். வெளியில சொல்லல்லை. நானும் அவர் வாளியில கை விடல்லை. ஒரு தாட்சண்யம். ஊர்ல ஒரே ஒரு வாளியை விட்டேன், ஓய். அதுதான் நேத்திக்குக் கவுந்தது.”

ஒழுகிய தகரத்தைப் பற்றிக் கேட்டேன்.

“எனக்கு எப்படித் தெரியும்? நீங்க யாராவது சொல்லப்படாதோ?”

“உமக்குத் தெரியும் என்றல்லவா நினைத்தோம்.”

சற்று நேரம் இருமினார். நான் சொன்னேன்: விசாரணையில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பெருங்காயப் பெட்டியைச் சொன்னால் கைக்கூலிப் பேச்சு ஒழிந்துவிடும். அவர் எழுந்து உட்கார்ந்தார்.

“வேண்டாம். கைக்கூலின்னா அவா ருசுப்படுத்தணும். மூக்கில்லைன்னா ருசுவே வேண்டாம். ஒரு மண்ணெண்ணெய்த் துணியை முகத்துக்கு நேரே நீட்டினாப் போறும், வீட்டுக்கு அனுப்பிடுவா. பொண்ணுக்குக் கல்யாணம் ஆகல்லை. மனசிலாச்சோ?”

மனசிலாயிற்று. ஆனால் வரும் வழியெல்லாம் ஒரு கேள்வி கூடவே வந்தது. இதெல்லாம் நிஜந்தானா? கைக்கூலி வாங்கியவன் சொல்லத்தக்க கதைகளில் இதைவிட நல்ல கதை உண்டா? அன்றே ஆலப்புழையில் இருந்த ஒரு நண்பருக்குக் கடிதம் போட்டேன்.

வெள்ளிக்கிழமை விசாரணை. மேலதிகாரி என் மனுவை மேஜைமேல் வைத்திருந்தார்.

“தேதி எல்லாம் வரிசையா உண்டல்லோ. நீர் நேரில் கண்டதா?”

எதிரே இன்ஸ்பெக்டர் நின்றார். கை முழங்கை வரை மடித்த சட்டை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், கடைக்காரர்களைப் பார்க்கும் அதே பார்வை.

“இல்லை” என்றேன். “கேட்டு எழுதியது.”

“யாரிடம் கேட்டு?”

“நினைவில்லை. தேதிகளும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.”

என் வாழ்நாளில் அப்படி ஒரு வாக்கியத்தை நான் அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை. மேலதிகாரி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பொய்ப் பிராது எழுதுகிறவர்களின் கையில் இனி லைசென்ஸ் மனுக்கள் கொடுக்க வேண்டாம் என்று கடைக்காரர்களுக்குச் சொல்லிவைக்கும்படி குமாஸ்தாவிடம் சொன்னார். பிராது தள்ளுபடி ஆயிற்று.

மாணிக்கம் என்னோடு பேச்சை நிறுத்தினார். “எவ்வளவு குடுத்தாரு, அண்ணாச்சி?” என்று மட்டும் ஒருமுறை கேட்டார். பல மாதம் நான் கடைமனு எழுதவில்லை. கல்யாணப் பத்திரிகைகளும் கடிதங்களும் எழுதிப் பிழைத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் பியூனோடு முன்வாசல் வழியாகப் பிள்ளையின் கடையில் ஏறினார். சட்டையை மடித்தார். மூன்று மடிப்பு. வாளிக்குள் கை போயிற்று.

பிள்ளை தாழ்ந்த குரலில் சொன்னார்: “சாமி, நமக்குள்ள ஒரு பேச்சு உண்டுல்லா?”

“உண்டு. நோட்டீஸ் வாங்கிண்டு அப்புறமாப் போய்ச் சொல்லும்.”

கிட்டங்கியைத் திறக்கச் செய்து தகரங்களை எண்ணவைத்தார். அளவுக்கு மேலே இருந்தவற்றை அன்றே வெளியேற்ற உத்தரவு எழுதினார். பிள்ளை சும்மா இருக்கவில்லை. “அந்தச் சாமிக்கு மூக்கே கெடையாது, கேட்டீரா” என்று சாலைக் கடைத்தெரு முழுக்கச் சொன்னார். யாரும் நம்பவில்லை. நோட்டீஸ் வாங்கியவன் வயிற்றெரிச்சலில் பேசுகிறான் என்றார்கள். இன்ஸ்பெக்டர் அதைக் கணக்கிட்டுத்தான் நோட்டீஸை முந்திக் கொடுத்தாரா என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அவரைப் பற்றிய எந்த நல்ல விஷயமும் எனக்குச் சந்தேகம் இல்லாமல் வந்துசேர்ந்ததில்லை.

ஆலப்புழை நண்பரின் பதிலும் வந்தது. பழைய கடைக்காரர்கள் பலரிடம் விசாரித்தாராம். அப்படி ஒரு ஜாடி உடைந்ததாக யாருக்கும் நினைவில்லை என்று எழுதியிருந்தார்.

யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் அவர் பென்ஷன் வாங்கினார். பெண்ணுக்கும் கல்யாணமாயிற்று. சில மாதம் கழித்து வலியசாலைத் தெருவில் எதிர்ப்பட்டு, “வாரும், ஒரு காப்பி குடிச்சிட்டுப் போலாம்” என்றார். அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

கூடத்தில் உட்கார்ந்தோம். புதிய கடைகள், மின்சார விளக்கு, இனி மண்ணெண்ணெய்க்கு யார் வரப்போகிறார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார். பேச்சின் நடுவே தலையைச் சமையலறைப் பக்கம் திருப்பினார். அரைக் கணம் கழித்து எனக்கும் வந்தது, பால் அடிப்பிடித்த வாடை.

எனக்கு முந்தி அவர் தலை திரும்பியிருந்தது. பால் பொங்கிய சத்தத்தைக் கேட்டிருக்கலாம். கரண்டி விழுந்திருக்கலாம். நான் எதையும் கேட்கவில்லை. ஆனால் என் காது அவ்வளவு நல்லதில்லை.

காப்பி வந்தது. ஒரு வாய் குடித்தேன். தீய்ந்த வாடை தெளிவாகவே இருந்தது.

“வாடை இருக்கோ?” என்று கேட்டார்.

அவர் மனைவி கதவருகில் நின்றிருந்தார்.

“இல்லை. நன்றாக இருக்கிறது” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, “அந்தப் பால் பாத்திரத்தை இங்கே கொண்டா” என்றார் உள்ளே பார்த்து. பாத்திரம் வந்தது. மோதிரத்தைக் கழற்றினார். மேல்சட்டை இல்லை, ஆனாலும் இடது கை பழக்கத்தில் வலது முழங்கைக்குப் போய் இல்லாத துணியை மடித்தது. பாத்திரத்துக்குள் கையை விட்டு அடியை விரலால் துழாவினார். என்னைப் பார்த்துக்கொண்டே துழாவினார்.

விரலை வெளியே எடுத்தார். நகத்தில் கறுப்பாக ஒட்டியிருந்தது.

“இருக்கு” என்றார். “அன்னிக்கு விசாரணையிலேயும் இதே முகத்தோடதான் பொய் சொன்னீர்.”

நான் மீதிக் காப்பியைக் குடித்தேன். தலை ஏன் முன்பே திரும்பியது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அத்தனை வெள்ளிக்கிழமை பெருங்காயப் பெட்டிக்குள் முகம் வைத்ததற்கு மூக்கு திரும்பி வந்திருக்கலாம். அல்லது அது எங்குமே போகாமல் இருந்திருக்கலாம். அப்படியானால் நான் யாருக்காக என் தேதிகளைப் பொய் என்று சொன்னேன்?

கேட்கவில்லை. அடிவரை கைவிட்டுப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன். இடது பக்கம் தேதியை எழுதினேன். வலது பக்கம் இன்றுவரை காலியாகவே இருக்கிறது.